வடிக்காத காப்பி

புன்னைவிளை மணல் கம்பெனியில் சாயங்காலச் சங்கு ஊதியதும் ஆணும் பெண்ணும் கொட்டகை வாசலில் வரிசையாக நின்று கை நீட்டுவார்கள். மேஸ்திரி குமாரதாஸ் ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு சில்லுக் கருப்பட்டி உள்ளங்கையில் வைப்பான். வைக்கும்போது எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லுவான்.

"தின்னு, கரைஞ்சிரும்."

பகல் முழுக்க மூக்காலும் வாயாலும் உள்ளே போன மண்பொடி கரைந்துவிடுமாம். கருப்பட்டி அதை இளக்கிச் சளியாக்கி வெளியே கொண்டுவந்துவிடுமாம். துரை சொன்னார், கம்பவுண்டர் ஆமாம் போட்டார், மேஸ்திரி வாசலில் நின்று ஓதினான். ஊரும் கேட்டுக்கொண்டது.

அது என்ன மண் என்று கேட்பீர்கள். இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே அந்தக் கடற்கரையில் அலை ஒதுக்கும் மணல், கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் கலந்து கிடக்கும். அதில் மஞ்சள் மணலுக்குச் சீமையில் கிராக்கி. கேஸ் விளக்கில் கட்டித் தொங்குகிற வலைத்திரி, பட்டப்பகல் மாதிரி எரிவது அந்த மணலின் சத்தால்தான். அறுப்பின் பண்டிகைக்கு வேதக்கோயிலில் முதன்முதலாக அந்த விளக்கைத் தூக்கியபோது, "நம்ம மண்ணு எரியுது பாரு" என்று சபையே அண்ணாந்து பூரித்தது.

மண் எரிவதைப் பார்த்தவர்கள் மண் பிரிப்பதைப் பார்க்கவில்லை. பெண்கள் கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடையில் சுமந்துவந்த மணலைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பிறகு இரும்புத் தகட்டில் போட்டுச் சுட வறுத்து, சல்லடையில் சலித்து, காந்த மெசினில் விடவேண்டும். சலிக்கும்போது மாவுபோலப் பொடி எழும்பும். கூரை ஓட்டையில் வெயில் ஒழுகிய இடத்திலெல்லாம் மஞ்சள் புகை தூண் தூணாக நிற்கும். காற்று வந்தால் பிரித்த மணல் கலைந்துபோகும் என்று சன்னல்களைப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். மண் கலையக்கூடாது, மனுஷன் எக்கேடும் கெடலாம். துரை உள்ளே வந்தால் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு ஒரு சுற்று வந்துவிட்டு வெளியே போவார். அவர் ஒருநாளும் கருப்பட்டி தின்றதில்லை.

அந்தச் சலிப்புக் கொட்டகையில்தான் யேசுரத்தினம் வேலை பார்த்தான். அதற்கு முன்னால் பனையேறி. அவன் பெண்டாட்டி தேவகனிக்குக் கல்யாணமாகும் முன்பே அவளுடைய அப்பன் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான். அதனால் புருஷன் பனை ஏறிவிட்டு இறங்கும்வரை அவளுக்கு அடுப்பில் கை ஓடாது. கம்பெனி வந்ததும் அவள்தான் பிடித்துத் தள்ளினாள். "கால் தரையில நிக்கும், தலைக்கு மேல கூரை இருக்கும். அது போதும் எனக்கு" என்றாள்.

அவன் பனையை விட்டதோடு அவள் அக்கானியை, அதுதான் பதநீரை, காய்ச்சுவதும் நின்றது. கருப்பட்டி காய்ச்சிய வீட்டிலேயே கருப்பட்டிக்குப் பஞ்சம். அதனால் கம்பெனி கொடுத்த சில்லை யேசுரத்தினம் வாயில் போடமாட்டான். போடுகிற மாதிரி கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு மடியில் கட்டிக்கொள்வான். மூத்தவள் நேசபாய் ஓடைக்கரை வரைக்கும் ஓடிப்போய் அவன் மடியைத் தடவுவாள். அவள் வளர்ந்த பிறகு அடுத்த இரண்டும் ஓடின. எத்தனையோ வருஷம் அப்படித்தான் போயிற்று.

கிறிஸ்மசுக்கு முன்னால் தொடங்கிய இருமல் ஈஸ்டருக்கும் நிற்கவில்லை. மூச்சு இளைத்தது. கரையும் என்று மேஸ்திரி சொன்னது ஒருவகையில் பலித்தது. யேசுரத்தினத்தின் தோள் கரைந்தது, கன்னம் கரைந்தது, பனையைக் கட்டிப் பிடித்த நெஞ்சு கூடு தெரியக் கரைந்தது. மண் மட்டும் உள்ளே இருந்தது.

வேலைக்குப் போகமுடியாமல் வீட்டில் விழுந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் நடையில் வைத்துக் குமாரதாஸ் நாலு பேர் காதில் விழச் சொன்னான். அவன் யேசுரத்தினத்துக்குச் சித்தப்பா மகன். பேசுகிற உரிமை இருந்தது.

"மைனி, அண்ணன் குடுத்ததைத் தின்னிருந்தா இந்தக் கோலம் வந்திருக்காதுல்லா? பிள்ளையளுக்குக் குடுக்கேன் பிள்ளையளுக்குக் குடுக்கேன்னு கொண்டுவந்தாரு. அது மருந்தாக்கும். மருந்தைப் பிள்ளையளுக்கு வீதம் வைப்பாவளா யாராவது?"

தேவகனி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்தில் நடந்த நேசபாயும் கேட்டாள்.

*

ஆடி பிறந்து காற்றும் சாரலும் ஓலைச் சுவரைப் பிய்த்துக்கொண்டிருந்தன. யேசுரத்தினத்தால் படுக்கமுடியாது. ஒரு கடவத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இரண்டு கையையும் மடக்கி வைத்து, முன்னால் சாய்ந்தபடியே இருப்பான். மூச்சு வாங்குவதே அவனுக்கு இப்போது வேலை; கூலியில்லாத வேலை, ஓய்வும் இல்லாத வேலை.

தேவகனி மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து இறக்கிவிட்டு, காந்தாரி மிளகும் உப்பும் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். சுக்குத் தண்ணீரை அப்படியே எடுத்துக் குடித்தாள் நேசபாய்.

"ஏட்டி, கருப்பட்டி கடிச்சுக்கிடலியா? பெட்டிக்குள்ள ஒரு துண்டு கெடக்கு."

"வேண்டாம்மா."

"என்னட்டி எப்ப பாத்தாலும் வேண்டாம் வேண்டாம்னு. நோன்பா இருக்கே? ஒரு மாதிரி கசாயத்தைக் குடிக்கது மாதிரில்லா குடிக்கே."

"எனக்குப் பிடிக்கல்ல."

"பிடிக்கல்லியா? சங்கு ஊதினா ஓடைக்கரை வரைக்கும் தலைமுடி பறக்க ஓடுன மூதிதானே நீ..."

சொல்லிவிட்டுத் தேவகனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேசபாய் குடித்த தேங்காய்ச் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அதான் பிடிக்கல்ல. நான் தின்னதெல்லாம் அப்பா தின்னவேண்டியதுல்லா."

கடவத்தின் மேல் கிடந்த யேசுரத்தினம் தலையை ஆட்டினான். "அது... இல்ல... மக்கா..."

"நீங்க பேசாதீங்கப்பா. மூச்சு முட்டும்." அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சு மேஸ்திரி சித்தப்பா வாறாராம். அப்பாக்க எடத்துக்கு வீட்டுல ஒரு ஆளு கேக்காவ. நான் போறேன்னு சொல்லப்போறேன்."

"எங்க போறே? சலிப்புக்கா?"

"பின்னே? ஓலைப்பெட்டி முடைஞ்சு எத்தன வயித்தை நெறைப்பே? எனக்கு ஒண்ணும் வராதும்மா. குடுக்கக் குடுக்க அங்கண நின்னே தின்னுருவேன். ஒரு சில்லு வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன், இந்தச் சின்னதுகள் அழுதாலும் கொண்டு வரமாட்டேன். தின்னா கரைஞ்சிரும்லா."

தேவகனி மிளகு நசுக்குவதை நிறுத்தினாள். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் என்ன சொல்லித் தடுப்பாள்? கருப்பட்டி தின்றால் கரையும் என்று அவளும் அல்லவா நம்பிக்கொண்டிருந்தாள். "பிள்ளையளுக்குக் குடுங்க, நமக்கென்னத்துக்கு இனிப்பு" என்று அவனிடம் சொன்னவளே அவள்தான். யேசுரத்தினம் ஒரு கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று காற்றில் அசைத்தான். நேசபாய் அந்தக் கையைப் பிடித்து மறுபடி கடவத்தின் மேல் வைத்தாள்.

*

அன்று மத்தியானம் தாணப்பன் வந்தான். காந்த மெசினில் வேலை. யேசுரத்தினத்தோடு ஒரே நாளில் சேர்ந்தவன். கொட்டகையில் அவனுக்குக் கருப்பட்டித் தாணப்பன் என்றே பெயர். தன் சில்லைத் தின்றுவிட்டு, பெண்களிடம் பல்லைக் காட்டிக் கெஞ்சி அவர்கள் சில்லையும் வாங்கித் தின்பான். அவன் வருவதைத் தேவகனி அடுக்களையிலிருந்து பார்த்தாள். தென்னை மூட்டில் ஒருதரம் நின்றான். கிணற்றுக் கல்லில் கையை ஊன்றி இன்னொரு தரம் நின்றான்.

"வாரும் ஓய். அதென்ன, வழி நெடுக நின்னு நின்னு வாரீரு? வழியில யாரையும் பாத்துக்கிட்டா?"

"இல்லக்கா... எதிர்காத்துல்லா... தள்ளுது."

தேவகனி தென்னை ஓலை சாய்கிற பக்கத்தைப் பார்த்தாள். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது. அவன் வந்ததும் மேற்கேயிருந்துதான். காற்று அவனை முதுகில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

"ரத்தினண்ணே, எப்படி இருக்கீரு?"

"ஒமக்க... கருப்பட்டி..." என்று யேசுரத்தினம் சிரிக்கப் பார்த்தான்.

"ஒம்ம பங்கையும் சேத்து இப்ப நான்தான் திங்கேன். எனக்க பெண்டாட்டி என்னைய உறியில கட்டித் தொங்கவிடணும்ங்கா. தரையில கெடந்தா எறும்பு தூக்கிட்டுப் போயிருமாம்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதைக் கேட்டு யேசுரத்தினத்துக்கும் இருமல் வந்தது. காய்ந்த பனையோலை ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி இரண்டு இருமல். அடுப்பு முன்னால் குத்தவைத்திருந்த தேவகனிக்கு எது தன் புருஷன், எது தாணப்பன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எப்ப இருந்து ஓய் இது?"

"ஒண்ணுமில்லக்கா. சித்திரையில ஒரு நீர்க்கோவை பிடிச்சுது. விடமாட்டேங்கு, சவம்."

"கருப்பட்டி தின்னுதீருல்லா?"

"தின்னாம? கம்பெனிக் கருப்பட்டியில பாதி எனக்க வயித்துலதான் கெடக்கு."

வந்தவனுக்குக் காப்பி போட, பெட்டியில் கிடந்த அந்தக் கடைசித் துண்டை அவள் கொதிக்கிற வெள்ளத்தில் போட்டிருந்தாள். கரைந்ததும் எடுத்துப் பன்னாடையில் ஊற்றினாள். தென்னையில் மட்டையைச் சுற்றிச் சல்லடைத் துணிபோல இருக்குமே, அந்தப் பன்னாடை. கருப்பட்டியை வடிக்காமல் யாரும் காப்பி போடுவதில்லை. சிரட்டை சிரட்டையாக ஊற்றி மணல் பரப்பில் ஆறவைக்கிற பண்டத்தில் மண் இல்லாமல் இருக்குமா? ஊற்றிவிட்டுப் பன்னாடையை உதறப் போனவள் அப்படியே நின்றாள்.

பன்னாடையில் மண் கிடந்தது.

விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது. கருப்பட்டியின் வயிற்றிலேயே பிறந்து, அதற்குள்ளேயே கிடந்து, அதோடு கொதித்த மண். கருப்பட்டி கரைந்து போயிருந்தது. மண் போகவில்லை. அம்மை வடித்துக் கொட்டியதைப் பார்த்திருக்கிறாள், ஆயுசு முழுக்கத் தானும் வடித்து முருங்கை மூட்டில் கொட்டியிருக்கிறாள். ஊரில் காப்பி குடிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். கருப்பட்டியால் கரைக்க முடியாத மண்ணைத்தான் கருப்பட்டி தின்று கரைக்கச் சொன்னார்கள். இத்தனை வருஷமும் பன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டே ஊர் அதை நம்பியது.

முதலில் அவளுக்குத் தன்மேல்தான் வெப்ராளம் வந்தது. அது தொண்டையைக் கடந்து மேலே ஏறியபோது வேறு முகங்களைத் தேடியது.

தாணப்பன் காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "நல்ல இனிப்புக்கா" என்று சொல்லிப் போனான். அவன் தென்னை மூட்டில் நின்று, பிறகு நடப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய், மூலையில் ஆணியில் தொங்கிய தோர்த்தை எடுத்தாள். யேசுரத்தினம் வேலைக்குப் போகும்போது தலையில் கட்டுவது. அவன் விழுந்ததிலிருந்து தொடாமல் கிடந்தது. அதை அரிசி புடைக்கிற சுளவின் மேல் பிடித்து உதறினாள். மஞ்சள் மாவு உதிர்ந்தது.

"என்னம்மா செய்யுதே?" என்றாள் நேசபாய்.

"நாளைக்கு உனக்க சித்தப்பன் வாறான்லா. காப்பிக்கு வேணும்."

*

ஆராதனை முடிந்து, வெள்ளை வேட்டியும் குடையுமாகக் குமாரதாஸ் வந்தான். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்து யேசுரத்தினத்தின் முன்னால் வைத்தான்.

"அண்ணே, இனியாவது தின்னும். பிந்திப் போனாலும் மருந்து மருந்துதானே."

யேசுரத்தினம் பெட்டியைப் பார்த்தான். மூச்சு வாங்கினான்.

"நேசபாய் ராசாத்தி மாதிரி வளந்துட்டா மைனி. வெயிலுல கடவம் சுமக்கண்டாம், கேட்டியளா? உள்ளதான். நெழலு வேலை. தொரைகிட்ட நான் சொல்லியாச்சு."

"சொல்லுவீரு தம்பி, சொல்லுவீரு. முதல்ல காப்பி குடியும்." தேவகனி வெங்கல லோட்டாவை நீட்டினாள். வீட்டில் இருந்த ஒரே லோட்டா. உபதேசியார் வந்தால் எடுப்பது.

அவன் ஒரு மடக்குக் குடித்தான். இரண்டாவது மடக்கில் தாடை நின்றது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பினான்.

"என்ன மைனி இது, வாயெல்லாம் நறநறங்கு? வீட்டுல பன்னாடை இல்லியா?"

"பன்னாடைக்கா பஞ்சம்? வடிக்கல்ல."

"ஏன்?"

"எதுக்கு வடிக்கணும்? கருப்பட்டியில கெடக்குல்லா. கரைஞ்சிரும்."

குமாரதாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

"கருப்பட்டி மண்ணு இல்ல தம்பி அது. உம்ம கம்பெனி மண்ணு. அவியளுக்க தோர்த்துல இருந்து ஒதறி ஒரு நுள்ளு போட்டேன். நேத்து காப்பிக்கு மிஞ்சுன கருப்பட்டி வெள்ளத்துல அப்பவே ஊறப்போட்டு, இன்னைக்குக் காலம்பற தளதளன்னு கொதிக்கவும் வச்சேன். கரைய மாட்டேங்கு. மனுசனுக்க உள்ள போனாத்தான் கரையுமோ என்னமோ. நீரு குடியும், பாப்போம்."

"ஒமக்குப் பைத்தியமா மைனி? மண்ணு வயித்துக்குள்ள போனா என்னத்துக்கு ஆவும்?"

"வயித்துக்குள்ள போனா மறுநாளு வெளிக்குப் போவும்போது போயிரும். நெஞ்சுக்குள்ள போனது எந்த வழியா ஓய் போவும்? சொல்லும். மேஸ்திரில்லா நீரு."

"தொரை சொன்னதைத்தானே நான் சொன்னேன்? எனக்கு என்ன தெரியும்?"

"தொரைக்கு அக்கானியும் தெரியாது, பன்னாடையும் தெரியாது. ஒமக்குத் தெரியாதா? நீரும் பனையேறிக்க மொவன்தானே? ஒம்ம அம்மை வடிச்ச மண்ணுல வெளையாடுனவருதானே? தெரிஞ்சுகிட்டே ஒவ்வொரு கையிலயும் வச்சு, கரைஞ்சிரும் கரைஞ்சிரும்னீரு. போவட்டும். கோயிலுக்க நடையில வச்சு என்ன சொன்னீரு? பிள்ளையளு தின்னதுனால நோய் வந்துதுன்னீரு. அன்னையில இருந்து எனக்க மொவ இனிப்பு தொடல்ல. அப்பனைத் தின்னுட்டோம்னு நெனச்சு உள்ளுக்குள்ளேயே வேவுதா. ஒரு சில்லுக் கருப்பட்டியைக் குடுத்து மனுசனுக்க நெஞ்சை எடுத்தீரு. பொறவு அந்தச் சில்லுக்க பழியவும் பிள்ளைக்க தலையில கெட்டுனீரு. தாணப்பன் தின்னான்லா? ரெண்டாளு பங்கு தின்னான்லா? போயி அவன் ஒரு மேடு ஏறுததைப் பாரும். நாசமத்துப் போவான், எவன் இதைக் கண்டுபிடிச்சானோ!"

குரல் ஓடை வரைக்கும் கேட்டது. குமாரதாஸ் குடையை எடுத்தான்.

"சன்னலைத் தெறக்கச் சொல்லும் ஓய், ஒம்ம தொரையை. கருப்பட்டி வேண்டாம். சன்னலு!"

"அது என் கையிலயா இருக்கு?"

"கருப்பட்டி இருந்துதுல்லா உம்ம கையில!"

நேசபாய் இதுவரைக்கும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வந்து லோட்டாவை எடுத்தாள். மிச்சக் காப்பியை முற்றத்தில் மெல்லச் சரித்தாள். அடியில் மஞ்சளாக ஒட்டிக் கிடந்ததை விரலால் தொட்டாள். வெகுநேரம் விரலையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "சித்தப்பா, நான் வரல்ல" என்றாள்.

குமாரதாஸ் படலையைத் திறந்துகொண்டு போனான். பெட்டியை எடுக்க மறந்துவிட்டான்.

யேசுரத்தினம் கடவத்திலிருந்து ஒரு கையை எடுத்து அந்தப் பெட்டிக்குள் விட்டான். ஒரு கருப்பட்டியை எடுத்து, தரையில் தட்டி உடைக்கப் பார்த்தான், பலம் இல்லை. தேவகனி வாங்கி உடைத்துக் கொடுத்தாள். அவன் அதில் ஒரு சில்லை மகளுக்கு நேரே நீட்டினான், அந்தக் காலத்தில் ஓடைக்கரையில் நீட்டிய மாதிரியே.

"தின்னு... மக்கா."

நேசபாய் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் கையிலிருந்தே வாங்கித் தின்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய்க்குள் போயிற்று. அவள் துடைக்கவில்லை. அவன் அடுத்த சில்லை எடுத்தான்.

*

சங்கதி திங்கட்கிழமையே கொட்டகைக்குப் போய்விட்டது. சாயங்காலம் குமாரதாஸ் பெட்டியோடு வந்தபோது, வரிசையில் முன்னால் நின்ற ராஜபாய் கையை நீட்டிக்கொண்டு, "கரையுமா மேஸ்திரி?" என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்தவளும் கேட்டாள். அவன் பெட்டிக்குள்ளேயே பார்த்தபடி வைத்துக்கொண்டு போனான். எல்லாரும் வாங்கினார்கள். கருப்பட்டி கருப்பட்டிதானே, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு யாரும் வாய்க்குக் கையைக் கொண்டுபோகிற மாதிரி பாவனை செய்யவில்லை. துரை பார்க்க, நேராக மடியில் கட்டினார்கள்.

ஆவணியில் கம்பெனி கருப்பட்டியை நிறுத்திவிட்டது. சன்னல் பலகை ஒன்றும் பெயரவில்லை.

புரட்டாசியில், காற்று அடங்கியிருந்த ஒரு காலையில், யேசுரத்தினம் கடவத்தின் மேல் சாய்ந்தபடியே போய்ச்சேர்ந்தான். படுக்கவைத்தபோது அவன் படுத்துப் பல மாதமாகியிருந்தது என்று தேவகனிக்கு ஞாபகம் வந்தது. அடக்கத்துக்குத் தாணப்பனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தை பிறந்து பனை பாளை விட்டதும் தாயும் மகளும் பக்கத்து விளையில் அடுத்தவருக்கு அக்கானி காய்ச்சிக் கொடுக்கப் போனார்கள். நேசபாய் கொதிக்கிற பாகை விரலில் தொட்டு நக்கிப் பதம் பார்ப்பாள். அம்மா அதட்டினாலும் இரண்டாம் தரமும் நக்குவாள்.

யேசுரத்தினத்தை அடக்கம் செய்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் தேவகனிதான் காப்பி போட்டாள். வேலி ஓரமாக ஒதுங்கி நின்ற குமாரதாஸுக்கும் கொடுத்தனுப்பினாள். நன்றாக வடித்த காப்பிதான். அவன் குடிக்கும் முன்னால் சிரட்டையைச் சரித்துச் சரித்து அடியைப் பார்த்தான். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தான். எந்த வீட்டில் எவர் கொடுத்தாலும் அடியைப் பார்க்காமல் குடிக்கமாட்டான், கடைசி மடக்கைக் கீழே கொட்டிவிடுவான் என்று சொல்லுவார்கள்.

பார்க்கட்டும், மக்களே. நல்லா குனிஞ்சு பார்க்கட்டும்.